பதினோராம் ஆளின் பெயர்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் பஸ் வரும். வராது என்று சொன்னால் பாவம். ஆனால் உங்களுக்குத் தேவையான நேரத்தில் வராது, நீங்கள் போகவேண்டிய இடத்துக்கும் போகாது. ஆகையால் அந்த ஊர்த் தமிழர்கள் பஸ் அட்டவணையைப் பார்ப்பதில்லை. பாலேந்திராவுக்கு ஃபோன் எடுப்பார்கள்.

பாலேந்திரா யன்னல் செய்யும் தொழிற்சாலையில் காலை முறை வேலைக்காரர். வயது ஐம்பத்தெட்டு. மீசைக்கு மட்டும் முப்பது, அதற்குச் சாயம் அடிக்கிறார். யாருக்காவது எஸ்பியர்க் ஆஸ்பத்திரியில் கண் பார்க்க வேண்டுமா, விமான நிலையத்தில் மாமியாரை ஏற்ற வேண்டுமா, கோயிலுக்குக் கிடாரத்தோடு சுண்டல் போக வேண்டுமா, “பாலேந்திரா அண்ணையைக் கேளுங்கோ” என்பார்கள். அவரும் சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டே “வாறன், வெளிக்கிடுங்கோ” என்பார். பெற்றோலுக்கென்று யாராவது காசு நீட்டினால் கோபம் வந்துவிடும். ஆனால் போகவர அவர் சொல்லும் கதையைக் கேட்டே ஆக வேண்டும். அதிலிருந்து ஒருவருக்கும் விலக்கு இல்லை.

இப்படி ஊரையே சுமந்த மனிதரை ஊர் ஒரே கிழமையில் இறக்கி வைத்துவிட்டது.

நடந்தது கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். பாலேந்திராவுக்குச் சீனி வருத்தம், தினமும் இன்சுலின் ஊசி. சஷ்டி ஆறு நாளும் பகலில் பச்சைத் தண்ணீர்தான், இரவில் பாலும் பழமும். ஊசியை நிறுத்தினால் டொக்டர் ஏசுவார், விரதத்தை நிறுத்தினால் முருகன் ஏசுவார். இரண்டு பேரையும் பகைக்காமல் இரண்டையும் செய்தார் மனிதர். இந்தக் கெட்டித்தனம் நம்மவர்களைத் தவிர வேறு யாருக்கு வரும்! கிளினிக்கில் நேர்ஸ் விரதம் பற்றிக் கேட்காமல் இல்லை. “ரமழான் நோன்பு பிடிப்பீர்களா?” என்று அக்கறையோடுதான் கேட்டார். “இல்லை” என்றார் பாலேந்திரா, உண்மையைச் சொன்ன திருப்தியோடு. நேர்ஸும் திருப்தியாகக் குறித்துக்கொண்டார். கந்தசஷ்டி என்று ஒன்று இருப்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வேலை முடிந்து பின்னேரம் மூன்று மணிபோல வரும்போது சீனி இறங்கிவிட்டது. கை நடுங்க, கண் மங்க, காரை எப்படியோ ஓரங்கட்டினார். பின்னால் வந்த பொலிஸ் கார் நின்றது. இறங்கியவர்கள் இரண்டு இளம் பொலிஸ்காரர்கள். கதவைத் திறந்தார்கள். பாலேந்திரா ஏதோ சொன்னார். வாய் குழறியது. “எவ்வளவு எடுத்தாய்?” என்று கேட்டார்கள். குழாயை நீட்டி ஊதச் சொன்னார்கள். அவருக்கு ஊதப் பலமில்லை. ஊத மறுக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, பானெற்றில் சாய்த்துக் கையில் விலங்கைப் போட்டார்கள்.

சரியாக அந்த நேரம் பார்த்து, அதே தொழிற்சாலைக்குப் பின்னேர வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சிவபாலன் அந்த வழியால் வந்தார். காரை மெதுவாக்கினார். பார்த்தார். போய்விட்டார்.

நல்லகாலம், பாலேந்திராவின் தலை தொங்கியதும் பொலிஸ்காரர்களே பயந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அதில் வந்த பெண் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொலிஸ்காரர்களைத் திட்டிய திட்டு பாலேந்திராவுக்குக் கனவில் கேட்பதுபோலக் கேட்டது. குளுக்கோஸ் ஏறி நினைவு தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஐயோ, என்ர விரதம்!”

ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் ஒரு துளி மதுவும் இல்லை. பொலிஸ்காரர்கள் “உன்ஸ்குல்” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். வழக்கு இல்லை. பொலிஸுக்கு அதோடு முடிந்தது. பாலேந்திராவுக்கு அப்போதுதான் தொடங்கியது.

ஏனென்றால் அடுத்த சனிக்கிழமை ஒரு பெண் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. மேடையில் பெண்ணுக்கு ஆலத்தி எடுத்து முடிவதற்குள், பாலேந்திரா குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்ட செய்தி மண்டபத்தின் கடைசி மேசைவரை போய்ச் சேர்ந்துவிட்டது. “கண்ணால கண்டனான். ரெண்டு பொலிஸ் பிடிச்சும் மனுசன் நிக்கேலாமல் நிண்டவர்” என்று சிவபாலன் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் பெரிய கொடுமை. பாலேந்திரா ஆளாளுக்கு விளக்கம் கொடுத்தார். “சீனி குறைஞ்சு போச்சு!” கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். “ஓம் அண்ணை, சீனிதான், சீனிதான்” என்று சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பனைமரத்துக்குக் கீழே இருந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள்! அதிலும் சஷ்டிக்குள் குடித்தவர் என்று வேறு பேர்.

ஃபோன் நின்றுபோனது. யாரும் சண்டை பிடிக்கவில்லை, முகம் திருப்பவில்லை. கோயிலில் வணக்கம் சொன்னார்கள். காருக்கு மட்டும் கேட்கவில்லை. “நீங்கள் ஏன் அண்ணை கஷ்டப்படுறியள், நாங்கள் டாக்ஸி பிடிக்கிறம்” என்றார்கள். எஸ்பியர்க்குக்கு டாக்ஸி! ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தாலும் கொடுப்போம், பாலேந்திராவின் காரில் ஏறமாட்டோம் என்று அதற்கு அர்த்தம். வேலை முடிந்து வந்து அவர் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடி இருப்பார். வேறு எந்தத் துக்கத்துக்கும் அழாத மனிதர், இதற்கு ஒருநாள் கராஜுக்குள் போய் நின்று அழுதார்.

“இஞ்சருங்கோ, ஊர் வாயை மூட உலைமூடி இருக்கே? வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ” என்றார் அவர் மனைவி சுசீலாதேவி. முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். எதற்கும் கலங்காத பெண்மணி.

“உலைமூடி இருந்தால் எடுத்துத் தாரும், சிவபாலன்ர வாயில முதல் வைப்பம்.”

இந்த நிலையில்தான் மகள் துஷாரா கொப்பன்ஹேகனிலிருந்து ஃபோன் எடுத்தாள். பக்கத்து டோஸ்ட்ருப்பில் அறை எடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய பேராசிரியை கிளோறியா ஓர் ஆய்வு செய்கிறாராம். டென்மார்க்கில் பிறந்தவர், பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காக ஊர்வலம் நடத்தி, மேடையேறிக் கத்தி, பிறகு படித்துப் பேராசிரியை ஆனவர். சுகவீனத்தில் விழுந்தவர்களைத் தோல் நிறத்தைப் பார்த்துக் குடிகாரர், போதைக்காரர் என்று பொலிஸும் ஆஸ்பத்திரியும் நினைத்த சம்பவங்களைச் சேர்க்கிறார்.

“அப்பா, உங்கட கதையை அவவுக்குச் சொல்லுங்கோ” என்று தொடங்கிய துஷாரா, பாதியில் வழக்கம்போல டேனிஷுக்குத் தாவிவிட்டாள்.

பாலேந்திரா முதலில் மறுத்தார். “அது கறுப்பின ஆக்களின்ர பிரச்சினை, பிள்ளை. எங்களுக்கு இஞ்ச நல்ல பேர்.”

பிறகு ஒரு யோசனை வந்தது. ஆய்வு என்றால் புத்தகம். புத்தகம் என்றால் அச்சு. அச்சில் ‘பாலேந்திரா குடிக்கவில்லை’ என்று பல்கலைக்கழகமே எழுதிவிட்டால் சிவபாலன் என்ன செய்வார்? கோயில் மலரில் வாழ்த்துச் செய்தி வருவதுபோல ஒரு பக்கம் முழுக்கத் தன் பெயர் வரும் என்று முடிவு கட்டிக்கொண்டார். அன்றே மீசைக்குச் சாயம் அடித்து, கோட் போட்டு, ஸ்டூடியோவுக்குப் போய்ப் படமும் எடுத்துவிட்டார்.

கிளோறியா வீட்டுக்கு வந்தார். நல்ல உயரம், பெரிய சிரிப்பு. சுசீலாதேவி மீன் ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். கேள்விக்குப் போக முன்னமே ஐந்து ரோல்ஸ் கிளோறியாவின் வயிற்றுக்குள் போய்விட்டன. கேட்டு வாங்கிச் சாப்பிடும் விருந்தாளியைச் சுசீலாதேவிக்கு உடனே பிடித்துவிட்டது.

பாலேந்திரா தனக்குத் தெரிந்த டேனிஷில் கதையைத் தொடங்கினார். ஊரிலிருந்து கப்பலேறியதிலிருந்து தொடங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிளோறியா ஒலிப்பதிவுக் கருவியை இரண்டு தரம் சார்ஜில் போட்டார். கதை விலங்கு போட்ட இடத்துக்கு வந்தபோது பாலேந்திராவின் குரல் உடைந்தது. கிளோறியா ரோல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார்.

“எங்கட ஆக்களுக்கு இப்பிடி நடக்கிறேல்லை” என்றார் பாலேந்திரா, மூக்கைச் சிந்திக்கொண்டு. “இஞ்ச எங்களுக்கு நல்ல பேர்.”

“அன்றைக்கு அந்த வீதியில் உங்கள் நல்ல பேர் எங்கே நின்றது?” என்று கிளோறியா டேனிஷில் மெதுவாகக் கேட்டார். அதில் குத்தல் இல்லை. பாலேந்திரா ரோல்ஸ் தட்டைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினார். கிளோறியா வெளிக்கிடும்போது பாலேந்திரா தன் ஸ்டூடியோப் படத்தை ஒரு உறையில் வைத்துக் கொடுத்தார். கிளோறியா குழம்பியபடி வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஆய்வின் வரைவு வந்தது. பாலேந்திரா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தேடினார். முன்னாலிருந்து பின்னுக்கும், பின்னாலிருந்து முன்னுக்கும் தேடினார். இல்லை. துஷாராவை ஃபோனில் பிடித்தார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அப்பா, நீங்கள் பதினோராம் ஆள்.”

பதினோராம் ஆள்: ஓடென்சப் பக்கம் வசிப்பவர், நாற்பது வயதளவில், தெற்காசியப் பின்னணி, தோட்ட வேலை செய்பவர்.

“தோட்டக்காரனோ!” பாலேந்திரா போட்ட சத்தத்தில் மேல்மாடியில் குளித்துக்கொண்டிருந்த சுசீலாதேவி தலையில் நுரையோடு இறங்கி வந்துவிட்டார். “நான் ஆயுசில ஒரு மிளகாய்க் கன்று நட்டிருப்பனோ? ஓடென்சவாம்! எடியே, கிரிக்கெட்டில பதினோராவதா இறங்கிறவனுக்கும் ஸ்கோர் போர்ட்டில பேர் போடுவாங்கள். எனக்குப் பேர் இல்லையோ?”

கிளோறியாவே ஃபோனில் வந்தார். பேசியவர்களைப் பாதுகாக்கத்தான் பெயரையும் ஊரையும் மாற்றுவது, ஆய்வு அறநெறிக் குழுவின் கட்டாயம் அது என்று விளக்கினார். “என்னிடம் பேசிய மற்றவர்கள் எல்லாரும் பெயர் வேண்டாம் என்று காலில் விழாத குறை, பாலேந்திரா. வேலை போய்விடும், பொலிஸ் திரும்பத் திரும்ப நிறுத்தும் என்று பயம். பெயர் போடச் சொல்லிச் சண்டை பிடிக்கும் ஒரே ஆள் நீங்கள்தான்.”

“பேருக்காகத்தான் கதைச்சனான்” என்றார் பாலேந்திரா பச்சையாக. “பேர் போனபடியால்தான் கதைச்சனான்.”

“புத்தகத்தில் என்னால் முடியாது” என்றார் கிளோறியா. “ஆனால் உங்கள் ஊர் நூலகத்திலேயே கூட்டம் வைக்கிறேன். பொலிஸும் வருகிறது. அங்கே நீங்கள் வாயைத் திறந்தால் அதை மூட எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை.”

கூட்டத்துக்குத் தமிழரைக் கொண்டுவரும் பொறுப்பைச் சுசீலாதேவி எடுத்தார். பொலிஸ், சீர்திருத்தம், சமத்துவம் என்று எதையும் அவர் சொல்லவில்லை. “சனிக்கிழமை நூலகத்தில காசில்லாமல் இரத்தத்தில சீனி பாக்கினமாம். ரோல்ஸும் வடையும் இருக்கு” என்று மட்டும் சொன்னார். ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்துவிட்டார்கள். சிவபாலனும் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பக்கத்து ஆளிடம், ஆபிரிக்கர்களைக் குறிக்க நம்மவர்கள் வாயில் கிடக்கும் அந்தப் பழைய சொல்லைச் சொல்லி, “உவையின்ர கூட்டமே இது?” என்றார். சுசீலாதேவி அவர் தட்டிலிருந்த வடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “அந்தச் சொல்லை விழுங்கினால்தான் வடை” என்றார். சிவபாலன் விழுங்கினார்.

கிளோறியா பேசினார். தெருவில் நின்று கத்தியபோது எல்லோரும் இதைக் கோபம் என்றார்கள், அதனால்தான் ஆராய்ச்சியாக எழுதினேன் என்றார். பிறகு நான்காம் ஆளின் வாக்குமூலத்தை வாசித்தார். கறுப்பின இளைஞன், ரயில் நிலையத்தில் வலிப்பு வந்து விழுந்தவன். அவனிடமும் முதலில் கேட்டது, “எவ்வளவு எடுத்தாய்?”

பாலேந்திராவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. அதே கேள்வி! ஒரு எழுத்து மாறவில்லை. அவனுக்கு வலிப்பு, தனக்குச் சீனி, ஊர் வேறு, வயது வேறு. கேள்வி மட்டும் ஒன்று. இத்தனை நாள் தன் தலையில் மட்டும் விழுந்த இடி என்று நினைத்திருந்தாரே!

கிளோறியா கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. குழறும் ஆளைக் கண்டால் விலங்குக்கு முன் விரலில் ஒரு துளி இரத்தம் பார்க்க வேண்டும், பொலிஸ் காரில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும், அதற்கு இந்த மாவட்டத்தில் ஒரு பரீட்சார்த்தத் திட்டம்.

வந்திருந்த பொலிஸ் அதிகாரி நரைத்த தலை, மரியாதையான மனிதர். எழுந்து நன்றி சொன்னார். பிறகு கேட்டார்: “பெயர் இல்லை, ஊர் இல்லை, எல்லா விவரமும் மாற்றப்பட்டிருக்கிறது. இவை நடந்தவைதான் என்று நான் எப்படி என் மேலிடத்துக்குச் சொல்வது?”

கிளோறியாவின் முகம் விழுந்துவிட்டது. யாரைக் காட்டுவார்? காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா? பின்வரிசையில் குல்லா போட்ட ஒரு கறுப்பினப் பையன் நிலத்தைப் பார்த்துக் குனிந்தான்.

கதிரை கிறீச்சிட்டது. பாலேந்திரா எழுந்து நின்றார்.

“நான்தான் பதினோராம் ஆள்” என்றார். அவருடைய டேனிஷுக்கு இலக்கணம் என்ற வேலி கிடையாது. அது போன பாதையில் போனது, எல்லோருக்கும் விளங்கியது. “பேர் கதிரவேலு பாலேந்திரா. ஊர் இதே கிரின்ஸ்டெட். யன்னல் தொழிற்சாலை. தோட்டக்காரன் இல்லை!” இதற்கென்றே கொப்பன்ஹேகனிலிருந்து வந்திருந்த துஷாரா முன்வரிசையில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பாலேந்திரா விரதத்திலிருந்து விலங்குவரை எல்லாம் சொன்னார். “ஊசியும் போட்டுப் பட்டினியும் கிடந்தது என்ர பிழை. நேர்ஸ் ரமழானைக் கேட்டா, கந்தசஷ்டியைக் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. அது எங்கட ரெண்டு பேரின்ர பிழை. ஆனா கையில விலங்கு போட்டது உங்கட பிழை. அந்த வலிப்புக்காரப் பிள்ளையிட்டயும் என்னட்டயும் ஒரே கேள்வியைக் கேட்டனீங்கள். நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் எடுக்கேல்லை. உங்கட பதிவைத் திறந்து பாருங்கோ, அதில என்ர பேர் இருக்கும்.”

பிறகு தமிழ் வரிசைகளின் பக்கம் திரும்பினார். தமிழில், கோயில் மணிக்குச் சரிசமமான குரலில், “உங்களுக்கும் கேட்டுதோ? இரத்தம் எடுத்துப் பாத்தவை. ஒரு துளி இல்லை! சஷ்டியில முருகனுக்கு விரதமிருந்து விழுந்தவன் நான்!” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் கைதட்டியது குல்லாப் பையன்தான்.

அதிகாரி நேரே பாலேந்திராவிடம் வந்து கைகொடுத்தார். மன்னிப்பும் கேட்டார். பரீட்சார்த்தத் திட்டத்துக்குத் தானே எழுதிக் கேட்பதாகச் சொன்னார். “எங்களுடைய புதிய பிள்ளைகளுக்கு நீங்கள் வந்து இதைச் சொல்வீர்களா?” என்றார்.

“வாறன்,” என்றார் பாலேந்திரா, “பேரோட.”

குல்லாப் பையன் வாசலில் காத்திருந்தான். குரலைத் தாழ்த்தி, “நான் நாலு” என்றான். பாலேந்திரா அவன் பெயரைக் கேட்கவில்லை. அவனைக் கட்டிப்பிடித்து, கோட் பையிலிருந்த பொட்டலத்திலிருந்து இரண்டு ரோல்ஸ் கொடுத்தார். கிளோறியா சுவரில் சாய்ந்து நின்று, ஆனந்தத்தில் கண்ணையும் மூக்கையும் ஒரே கைக்குட்டையால் துடைத்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் தமிழர்கள் கூட்டமாக நின்றார்கள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் நம்மவர்களுக்கு எப்போது இருந்தது? டேனிஷில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்ல அதற்கொரு சொல் இருக்கிறது, தமிழில் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். பாலேந்திரா திறப்பை எடுத்துக் காரைத் திறந்தார்.

சிவபாலன் முன்னால் வந்தார். “அண்ணை” என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். “என்னை எப்பன் வீட்ட கொண்டுபோய் விடுறியளோ?”

பாலேந்திரா அவரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால், ஆறடி தள்ளி நின்ற வெள்ளைக் காரையும் பார்த்தார். “உது உன்ர கார்தானே?”

“அது நிக்கட்டும்.”

பாலேந்திரா முன் கதவைத் திறந்துவிட்டார். சிவபாலன் ஏறியதுதான் தாமதம், “அண்ணை, எங்களையும்” என்று பின் கதவால் இரண்டு மாமிமாரும், அவர்களோடு ஒரு பெரியவரும் ஏறிவிட்டார்கள். மூவருடைய கார்களும் அங்கேயே நின்றன.

“நல்ல கூத்து! அப்ப நான் எதில வாறது?” என்று கேட்டார் சுசீலாதேவி, வெறும் வடைத் தட்டத்தோடு. சிவபாலன் யன்னலால் தன் கார்த் திறப்பை நீட்டினார். சுசீலாதேவி பறித்துக்கொண்டு போனார்.

சிவபாலனின் வீடு ஐந்து நிமிடத் தூரம். பாலேந்திரா காரைக் கிளப்பி, எதிர்ப்பக்கமாக, ஊரைச் சுற்றிப் போகும் நீண்ட பாதையில் திருப்பினார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வெளி வீதிக்கு ஏறியதும் சிவபாலன் முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

“அண்டைக்கு நான் காரை நிப்பாட்டியிருக்க வேணும், அண்ணை.”

“இப்ப ஏறியிட்டாய்தானே,” என்றார் பாலேந்திரா. “பெல்ட்டைப் போடு.”